வளையாத ஜாயின்ட்

மார்ச் 4

ரயில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம் அது. மூன்று மாதம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்டு விளக்கு வந்ததும் அப்போதுதான். அந்த வருஷம் அண்ணன் வீட்டுக்கு இரண்டு வரவு கொண்டுவந்தான்: ஒன்று அண்ணி, இன்னொன்று கண்ணாடி நாரில் செய்த தூண்டில் கழி. எனக்கு அப்போது எட்டு வயது.

அண்ணன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தூண்டில் அண்ணியிடம் இருந்தது. போன வாரம்தான் இரவல் வாங்கிவந்தேன். இன்று தூண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் வேன் கதவைப் படாரென்று சாத்தினேன். நுனியிலிருந்து இரண்டு சாண் கீழே — முறிந்துவிட்டது.

தினமும் பிரஷரைக் குறித்துவைக்க டாக்டர் கொடுத்த நோட்டு இது. நான் கைநாட்டு. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

"இதையெல்லாமா மாமா எழுதறது?"

எழுதும்மா. பிரஷர் ஏன் ஏறிச்சுன்னு டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? 160.

மார்ச் 5

அண்ணி போன் செய்தார். இருபதாம் தேதி முழங்காலில் ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது ஏரிக்குப் போய் உக்காரணும்டா. எம்பது வயசுக்காரிக்கு மயக்க மருந்து குடுக்கறாங்க, எந்திரிப்பேனோ மாட்டேனோ. தூண்டிலைக் கொண்டா."

தூண்டில் நரம்பு சிக்கிக்கிடக்கிறது, பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"சிக்கு எடுக்க இத்தனை நாளா? பேன் பாக்கறியா அதுல?"

எழுபது வயதில் அண்ணியிடம் பொய். மருமகள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது, எழுது.

மார்ச் 8

முப்பத்தெட்டு வருஷம் மின்சாரக் கேபிளுக்கு ஜாயின்ட் போட்டவன் நான். ரோட்டைத் தோண்டி, குழிக்குள் உட்கார்ந்து, நிறம் பார்த்துக் கம்பி சேர்ப்போம். எங்கள் மேஸ்திரி சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: கேபிளைவிட ஜாயின்ட் பலமாக இருக்கணும்.

குடைக் கம்பியை உள்ளே செருகிப் பசை ஊற்றினேன். மேலே பித்தளைக் குழாய். அதற்கும் மேலே டேப், இழுத்து இழுத்து ஏழு சுற்று. யானையைக் கட்டினாலும் தாங்கும்.

"எலியை முழுங்கின பாம்பு மாதிரி இருக்கு மாமா."

இவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 9

நுனியில் அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். ஜாயின்ட் அசையவில்லை. அதற்கு நாலு விரல் மேலே படக்கென்று முறிந்தது.

இப்போது இரண்டு முறிவு. 172.

மார்ச் 10

இன்னிக்கு ஒண்ணும் எழுத வேண்டாம்.

மார்ச் 11

புதுசு வாங்கிக் கொடுத்துவிடலாமே என்கிறாள் மருமகள். அண்ணிக்குத் தெரியாதா? அதன் கைப்பிடியில் அண்ணனுடைய பல் தடம் இருக்கிறது. புழு கோக்கும்போது அதை வாயில் கவ்விக்கொள்வான். பல்லுக்கு எந்தக் கடைக்குப் போவது?

நாளைக்குப் போகிறேன். வருவது வரட்டும்.

மார்ச் 12

பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணி பிரித்தார். துண்டுகளைக் கட்டிலில் வரிசையாக வைத்தார். கைப்பிடி முனையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவினார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — அண்ணி, நான்தான், வேன் கதவுல... சிக்குன்னு சொன்னது பொய், அண்ணி...

"முறிஞ்சது முறிஞ்சது. முறியாத சாமான் உண்டா? ஒரு வாரமா எங்கிட்டப் பொய் சொல்ல எப்படிடா மனசு வந்துச்சு?"

அழுதுவிட்டேன். எழுதிக்கொள், எனக்கென்ன வெட்கம்.

"சரி, மூக்கைத் துடை. பெட்ஷீட்டுல துடைக்காத." பிறகு என் ஜாயின்டைக் கையில் எடுத்தார். "இது என்னடா, தண்ணிக் குழாயா?" சிரிக்கத் தொடங்கியவருக்கு இருமலே வந்துவிட்டது. "உன் கேபிள் மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்கும். இது வளையறதுக்குன்னே செஞ்சது. ஒரு எடத்துல வளைய விடாம இறுக்கினா, பக்கத்துல உடையாம என்ன செய்யும்?"

அண்ணி இருபது வருஷம் மோட்டார் கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவர். இரண்டு முறிவுக்கும் நடுவில் இருந்ததை, என் யானைக் கட்டோடு, அறுத்துப் போடச் சொன்னார். மூங்கிலை ஊசி மாதிரி இருபுறமும் சீவி உள்ளே செருகினோம். நான் கழியைத் திருப்ப, அவர் நைலான் நூலைச் சுற்றினார் — நடுவில் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி விட்டு.

"மெதுவா திருப்புடா. கெணத்துலயா தண்ணி எறைக்கற?"

தூண்டில் ஒரு சாண் குட்டையாகிவிட்டது. சொன்னேன். "நானுந்தான் குட்டையாயிட்டேன். யாரும் குறை சொல்லலையே" என்றார்.

மார்ச் 16

மூன்று பேருமாக ஏரிக்குப் போனோம். அண்ணிக்கு நாற்காலி கொண்டுபோனோம். பதினோரு மணி வாக்கில் ஒரு இழுப்பு. தூண்டில் வில்லாக வளைந்தது. ஜாயின்டும் கூடவே வளைந்தது. முறியவில்லை. உள்ளங்கை நீளம் ஒரு மீன். அண்ணி முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். "ஆசுபத்திரிக்குப் போறவ, ஒரு உசிரோட பகை எதுக்கு?"

திரும்பும் வழியெல்லாம் மருமகளிடம் என் மானத்தை வாங்கினார். கல்யாணமாகி மறுநாள் அண்ணன் அவரை மட்டும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினானாம். நான் நிஜாரைக் கழற்றி வீசிவிட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டேனாம்.

அபாண்டம். 138.

மார்ச் 20

காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிரஷர் பார்க்கவில்லை.

மார்ச் 21

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்துக் காபி கேட்டாராம். கொடுக்காத நர்சுக்கு நல்ல அர்ச்சனையாம்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். "அந்த நிஜார் கதை நெசமா மாமா? பெரியத்தை சொன்னாங்கன்னு நம்ப முடியாது. வேற யாரைக் கேக்கலாம்?"

யாரைக் கேட்பாய்? அப்பா இல்லை. அம்மா இல்லை. அண்ணன் இல்லை. என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓரமாக விட்ட எதிர்வீட்டுத் தபால்காரர் போன மழைக்காலத்தில் போனார். என்னை அந்தக் கோலத்தில் பார்த்தவர்களில் இருப்பது ஒரே ஆள். கேட்பதென்றால் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க விடுவார்கள். மூன்றாம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். அண்ணி.