தொடச் சொல்லும் மியூசியம்

ஜூன் 4, ஞாயிறு

கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. கடல் காற்று இல்லை. கொடியில் போட்ட வேட்டி மேல் துறைமுகத்துக் கரித்தூள். மறுபடி துவைக்க வேண்டும். பிளாஸ்டிக் குடம் ஒழுகுகிறது.

வி.யும் கௌரியும் காலையில் போனவர்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். இது மூன்றாவது ஞாயிறு. மூன்று ஞாயிறும் ஒரே மியூசியம். அடையாறு பக்கம் பிள்ளைகளுக்கென்று விஞ்ஞான மியூசியமாம். இங்கே டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறி, பாரிமுனையில் மாறி, அவ்வளவு தூரம். ஒரே இடத்தை மூன்று முறை யார் பார்ப்பார்கள்.

வி. என்றால் மருமகள். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. என் மகன் சேகரின் பைக்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றாள். போன வருஷம் ஆடியில். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் இடித்தபோது அவன் ஓட்டிய வண்டிதான். வளைந்த ஹேண்டிலை நானே நிமிர்த்தி, துடைத்து, மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்திருந்தேன். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால் இடம் காலி. அன்று முதல் நேர்ப்பேச்சு இல்லை. எல்லாம் கௌரி வழியாக.

"தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசியில்லன்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

"நீயே சொல்லேன் தாத்தா. அம்மா இங்கதான கீது." எட்டு வயசு. வாய் அதிகம்.

மியூசியம் பற்றி கௌரி சொன்னவை:

- ஒரு கண்ணாடியில் குண்டு, ஒன்றில் குச்சி, ஒன்றில் தலைகீழ்.
- சைக்கிள் மிதித்தால் பல்பு எரிகிறது.
- மணல் கொட்டும் ஊசல் தானாகக் கோலம் போடுகிறது.
- கப்பி கட்டிய நாற்காலி. "அம்மா உக்காந்துச்சு, நாங்க இழுத்தோம், ஜிவ்வுனு மேல போச்சு."

நாங்க யார் என்று கேட்டேன். "நாங்கதான்" என்று டி.வி. பார்க்க ஓடிவிட்டாள்.

முப்பது வருஷம் துறைமுகத்தில் சிக்னல்காரனாக இருந்தவன் நான். கப்பலின் அடித்தட்டு கிரேன்காரனுக்குத் தெரியாது. மேலே நின்று நான் கை காட்டுவேன், அவன் தூக்குவான், இறக்குவான். சுமையைப் பார்த்தாலே எடை தெரியும் எனக்கு. கௌரி இழுத்து அவள் அம்மா மேலே போக மாட்டாள். கயிற்றைப் பிடித்தது வளர்ந்த ஆள். ஆம்பிளை.

ஜூன் 5, திங்கள்

வண்ணாரப்பேட்டை. கண் டாக்டர் இல்லை, நாளை வரச் சொன்னார்கள். நாளையும் இருக்க மாட்டார்.

மஸ்தான் பாயோடு டீ. என் கையைப் பார்த்து கிரேன் ஓட்டிய ஆள். இன்றும் என் கையைத்தான் பார்க்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை.

"இன்னா மாமு, கிளாஸ சுத்திகினே கீற? வூட்ல சண்டையா?"

சொன்னேன்.

"மியூசியமா? செத்த காலேஜா?"

"அது எழும்பூரு, செத்த மிருகத்தப் பாடம் பண்ணி வெச்ச எடம். அங்க எல்லாத்துலயும் தொடாதேன்னு போர்டு. இது வேற. எல்லாத்தையும் தொடுன்னு போர்டாம்."

"நல்லதுதான நைனா. கொழந்தைங்க தொட்டுப் பாக்கட்டும்."

"தொடாதேன்றவன் பொருளைக் காப்பாத்துறான். தொடுன்றவன் இன்னாத்துக்கு சொல்றான்? அவனுக்கு இன்னா லாபம்?"

சிரித்தான். டீ லுங்கியில் கொட்டியது. துடைத்துக்கொண்டே, "சேகரு போயி மூணு வருஷம் ஆவுது. அதுவும் சின்னப் பொண்ணு. அப்டியே ஒருத்தன் இருந்தாலும் இன்னா தப்பு?" என்றான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். முதுகுக்குப் பின்னால்: "ரோசத்துக்கு மட்டும் கொறைச்சல் இல்ல."

தப்பா சரியா என்பதா பேச்சு. அவள் போனால் கௌரியும் போவாள். பாய் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஏழு. அவனுக்கு எப்படித் தெரியும்.

ஜூன் 7, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கௌரிக்கு ஷூ சிறிதாகிவிட்டது.

சாயங்காலம் சைக்கிளில் முட்டைக்காரன். நம் வீடு இரண்டாம் மாடி. கௌரி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை விட்டாள், நான் கீழே நின்று கை காட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரியும்: கட்டை விரல் மேலே என்றால் தூக்கு, முஷ்டி என்றால் நிறுத்து, உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் மெதுவாக இறக்கு. முட்டையோடு கூடை மேலே போகும்போது ஆடியது. பயந்து கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டாள். சுவரில் மோதி இரண்டு முட்டை போயிற்று. ஆடுகிற சுமையைப் பிடித்து நிறுத்தினால் இன்னும்தான் ஆடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட வேண்டும் என்று எத்தனை முறை சொன்னேன்.

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன்."

"சொல்லல. காட்டின."

இரவு எதிர் வீட்டுக்காரியோடு வி. நடையில் குசுகுசு. நான் செருமியதும் அரிசி விலை பேசினார்கள்.

ஜூன் 10, சனி

தூறல். பேருக்குத்தான்.

யோசித்து முடிவு செய்தேன். கௌரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு மியூசியத்துக்கு நானும் வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றேன். தலைவலி, மழை, பஸ் கூட்டம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கௌரி வாய் திறக்கும் முன்பே சமையலறையிலிருந்து: "வரச் சொல்லு. நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சாம். மறைக்கிறவள் இப்படிச் சொல்வாளா. இல்லை, ஆளிடம் நாளை வராதே என்று சொல்லிவிட்டாள். முக்கு கடையில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறதே.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: கண்ணாடி, பழைய கண்ணாடியும், இஞ்சி மரப்பா, குடை, தண்ணீர்.

ஆளைப் பார்த்தால் பேச்சு வளர்க்கக் கூடாது. முஷ்டி. அவ்வளவுதான்.

ஜூன் 11, ஞாயிறு

வந்து படுத்துவிட்டேன். எழுந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் பாரிமுனை வரை நின்றபடி. பாலம் தாண்டியதும் மரம், நிழல், பெரிய பெரிய காம்பவுண்டு. அந்தப் பக்கத்தில் யாருக்கும் அவசரமே இல்லை.

மியூசியம் பரவாயில்லை. கூச்சல்தான். பிள்ளைகள் ஒவ்வொரு பொத்தானையும் குத்துகிறார்கள், எரியாவிட்டால் மறுபடி குத்துகிறார்கள். நான் பொருளைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். வாசலில் டிக்கெட் கிழிப்பவன் கௌரியின் கன்னத்தைக் கிள்ளினான். குறித்துக்கொண்டேன். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் கிள்ளினான். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் கண்ணாடிகள் வரை எங்கள் பின்னாலேயே வந்தான். கடைசியில் அவனுக்கு மூன்று பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்டாட்டி.

கப்பி நாற்காலி. நான்கு கப்பி போட்டிருக்கிறான். கௌரி என்னை உட்கார வைத்துத் தனியாக இழுத்தாள், நானே மேலே போய்விட்டேன். கயிறுதான் கைக்குக் கை நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஆக, கயிறு பிடிக்க ஆம்பிளை தேவையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போட்ட கணக்கு தப்பு. சந்தேகம் போகவில்லை.

பிறகு தோட்டம். புல்வெளியின் இந்தக் கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழித் தட்டு, அந்தக் கோடியில் அதே மாதிரி ஒன்று. இதற்குள் வாய் வைத்து முணுமுணுத்தால் அதில் கேட்குமாம், நடுவில் நிற்பவனுக்குக் கேட்காதாம். பின்னால் போய் ஒயர் தேடினேன். இல்லை. மண்ணில் புதைத்திருப்பார்கள்.

"இங்க உக்காரு தாத்தா. மூஞ்சிய உள்ள வெச்சிக்கோ. திரும்பக் கூடாது." மற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைக்க கௌரி நடுவில் போய் நின்றுகொண்டாள். அந்தக் கோடித் தட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஏதோ பிள்ளை என்று நினைத்தேன்.

"மாமா."

காதுக்குள் வைத்துச் சொன்ன மாதிரி. ஒரு வருஷமாகக் கேட்காத சொல்.

"மாமா, நான்தான். மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. நான் வேலை பாக்குற கம்பெனில மிஷின் மெக்கானிக் ஒருத்தர், தாஸுன்னு. கட்டிக்கலாமான்னு கேட்டாரு. போன ரெண்டு வாரம் இங்க வந்தாரு, கௌரி அவரோட ஒட்டுதான்னு பாக்க. இன்னிக்கு வரல, நான்தான் வேணாம்னுட்டேன்."

பின்னால் எங்கோ ஒரு பிள்ளை ஐஸ் கேட்டு அழுதது.

"டோல்கேட்டாண்டயே வூடு பாக்கலாம்னாரு. கௌரி பள்ளிக்கூடம் விட்டா உங்ககிட்டதான் வரும், அதுல மாத்தம் இல்ல. வண்டிய உங்களைக் கேக்காம வித்தேன் மாமா. தெனம் படியேறும்போது அத்தப் பாத்துட்டு ஏற முடியல. ஆனா இத்த உங்களைக் கேக்காம செய்ய மாட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. இத்தோட விட்டுர்றேன்."

வேணாம் என்று சொல்லத்தான் போனேன். முப்பது வருஷப் பழக்கம், வாய்க்கு முன்னால் கைதான் வரும். எழுந்து திரும்பினேன். அந்தக் கோடியில் அவள் முதுகு. தட்டுக்குள் முகத்தை வைத்தபடி, பிடித்து வைத்த மாதிரி. நடுவில் கௌரி என் கையையே பார்த்துக்கொண்டு, "இன்னா தாத்தா?" என்றாள்.

கை தூக்கினேன். முஷ்டிக்காகத்தான் தூக்கினேன். விரல் மடங்கவில்லை. உள்ளங்கை கீழே பார்த்தது. மெதுவாக அசைத்தேன்.

கௌரி திரும்பி, புல்வெளி முழுக்கக் கேட்கும்படி: "அம்மா, தாத்தா மெதுவா இறக்கச் சொல்றாரு."

எதை என்று அவளுக்குத் தெரியாது.

வி. உடனே திரும்பவில்லை. என் தட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதையும் விட்டு வைக்கவில்லை அந்தத் தட்டு. வரிசையில் நின்ற ஒரு பையன், "பெரியவரே, எறங்குங்க, எங்க டர்னு" என்றான்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. கௌரி தலை என் மடியில், கால் வி. மடியில். இஞ்சி மரப்பா ஒன்று நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

மெதுவாக இறக்கு என்றால் சரி என்று அர்த்தமில்லை. தரையில் உட்கார்ந்த பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, திங்கள்

விடியலில் நல்ல காற்று. தண்ணீர் வந்தது. குடத்துக்கு வி. ஏதோ பசை தடவியிருக்கிறாள், ஒழுகவில்லை. இன்றைக்கு.

அந்த ஆளிடம் விசாரிக்க வேண்டியவை:

1. தாய் தகப்பன், ஊர்.
2. குடி. (இல்லை என்றுதான் சொல்வான். மஸ்தானை விட்டுக் கம்பெனி வாசலில் கேட்க.)
3. இதற்கு முன் கல்யாணம் ஆனதா, ஆகாவிட்டால் ஏன்.
4. கௌரியை என்னவென்று கூப்பிடுவான். அவள் அவனை என்னவென்று.

ஐந்தாவதை எழுதும்போது வி. வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, வழக்கம்போல, "தாத்தாகிட்ட சொல்லு கௌரி, வர ஞாயித்துக்கிழமை அவரு வூட்டுக்கு வரேன்னாரு" என்றாள். கௌரி வாய் முழுக்க இட்லி.

"வண்டி வெச்சிருக்கானா?" என்று கேட்டேன்.

கௌரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இட்லியை விழுங்கிவிட்டுக் கேள்வியை எடுத்துப் போகத் தயாரானாள். அதற்குள் வி. ஒரு செருப்போடு உள்ளே வந்துவிட்டாள்.

"இல்ல மாமா. வாங்க மாட்டாரு. நான் சொல்லிட்டேன். பஸ்ஸுலதான் வருவாரு."

"சரி, நேரமாவுது, நீ போ விமலா" என்றேன்.

எந்த பஸ், எங்கே ஏறுவான் என்று கேட்க விட்டுப்போயிற்று.