குருவி பறந்துவிடும்

9 ஜனவரி, வியாழன்

இன்று மறுபடி பனியன் கம்பெனி வேலைக்குப் போனேன். செக்கிங் டேபிளில் என் இடம் அப்படியே இருந்தது. ஆபீஸ் வாசலில் மட்டும் புதிதாக ஒரு படம். நீலக் குருவி, வயிறு வெள்ளை. சின்ன முதலாளி தரணீதரன் மலைக்காட்டில் எடுத்தது. சோலைக்கிளியாம். பார்த்தால் கிளி மாதிரியே இல்லை. நம் பக்கத்து மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். வருசக்கணக்காக இதற்கு அலைந்தாராம். சரக்கு வாங்குகிற பையர் வந்தால் முதலில் இதைத்தான் காட்டுகிறார்கள்.

அன்றைக்கு அவரையும் கூட்டாளிகளையும் அங்கே கம்பெனி வண்டியில் கூட்டிப்போனது டிரைவரான என் வீட்டுக்காரர் சீனிச்சாமி. படம் எடுத்த அதே காலையில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

நல்ல பிரேம் போட்டிருக்கிறார்கள்.

14 ஜனவரி

பொங்கல். வைக்கவில்லை.

22 ஜனவரி, புதன்

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டேபிள் கோமளா காதோடு சொன்னாள்.

"சித்ராக்கா, உனக்குத் தெரியாதா? அண்ணன் ஹாரன் அடிச்சாராம். குருவி பறந்துரும்னு ஒருத்தரும் வரலையாம்."

யாருடி சொன்னது என்றால், "எல்லாரும்தான் பேசிக்கிறாங்க" என்கிறாள்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். அடித்தாரா? எத்தனை தடவை? அவர்கள் காதில் விழுந்ததா? விழுந்துமா —

பாவிகளா.

27 ஜனவரி, திங்கள்

ஆபீசுக்குள்ளேயே போய்க் கேட்டுவிட்டேன். பெரிய முதலாளி பொங்கியண்ணன் தலையைத் தூக்காமல், "அதயெல்லாம் இப்பப் பேசி என்னம்மா ஆகப்போவுது?" என்றார். மகன் எழுந்து நின்றார்.

"சத்தியமாச் சொல்றனுங்க்கா. ஹாரன் சத்தமே கேக்கலீங்க."

"கேக்கலையா, அடிக்கலையா?"

மகனே சொன்னார்: "கெளம்பறப்பவே நாந்தானுங்க சொன்னேன். மேல போனா ஹாரன் அடிச்சராதீங்கண்ணா, குருவி பறந்துரும்னு."

நான் நம்பவில்லை. அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போங்கள் என்றேன்.

"அங்க போயி என்ன பண்ணுவே?" என்றார் பெரியவர்.

"உக்காருவேன்."

29 ஜனவரி

ஞாயிற்றுக்கிழமை சின்ன முதலாளியே கூட்டிப்போகிறாராம். குருவி பார்க்க பெங்களூரிலிருந்து இரண்டு பேரும் வருகிறார்களாம். வரட்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

உடுமலை தாண்டும்போது விடிந்தது. ஏற ஏற மேகம் வண்டிக்குள்ளேயே வந்தது. மழை இல்லை, ஆனால் மரமெல்லாம் பாசி ஏறிச் சொட்டிக்கொண்டிருந்தது. என் சால்வை அந்தக் குளிருக்கு ஒன்றுக்கும் ஆகவில்லை. அவர் அரைக்கைச் சட்டையோடு போனவர்.

"இங்கதானுங்க்கா" என்று ஓரமாக நிறுத்தினார் தரணீதரன். அதே வண்டி. நான் டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். பெங்களூர்க்காரர்கள் கேமராவோடு காட்டுக்குள் இறங்கினார்கள். இவர் மட்டும் நின்றார்.

"நான் வேணா இங்கியே இருக்கட்டுங்களா?"

"அன்னைக்கு இருந்தீங்களா? போங்க."

போனார். மேகத்தில் ஆள் மறைந்துவிட்டது. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு விசில். அந்தக் குருவியாகத்தான் இருக்கும். நன்றாகத்தான் பாடியது.

ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். விடவே இல்லை.

தரணீதரன்தான் முதலில் வந்தார். சேற்றில் விழுந்து எழுந்திருப்பார் போல, உடம்பெல்லாம் மண். கேமராவை எங்கே போட்டாரோ. "அக்கா! என்னாச்சுங்க? அக்கா!" கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தார். பின்னாலேயே மற்றவர்களும். ஒருவர் மூச்சு வாங்கியபடி, "இப்பத்தாங்க வெளிய வந்துச்சு, இதுக்காகவே அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தார்.

"சித்த சும்மா இருங்க சார்!" என்று கத்தினார் தரணீதரன்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

அன்றைக்கும் வந்திருப்பார்கள்.

3 பிப்ரவரி

அடிக்கவே இல்லை அந்த மனுசன். கைக்கு எட்டுற எடத்துல இருக்கு. நெஞ்சு அடைக்குது, மூச்சு முட்டுது, அப்பவும் மொதலாளி சொல்லிட்டாரேன்னு கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா? குருவி போனாப் போவுது. நாளைக்கு வரும். நீ வருவியாய்யா?

இத்தனை நாள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதுவாவது இருந்தது.

11 பிப்ரவரி

கோமளாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அடிக்கலையாக்கா?" என்றாள், நான் அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி.

1 மார்ச், சனி

புது டிரைவர் அந்தோணிராஜ் கேட் பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். நாளைக்கு மலைக்கா என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஒரு குருவியப் பாக்கதுக்கு இம்புட்டு தூரமான்னு எம்பொண்டாட்டி சிரிக்கா."

"சின்ன மொதலாளி ஹாரன் அடிக்கக் கூடாதுன்னாரா?"

"இல்லக்கா. ஒடம்புக்கு என்னமும் செஞ்சா ஒடனே அடிங்கன்னுதான் சொன்னாவ." துணியைப் பிழிந்தார். "ஆனா எப்பிடிக்கா அடிக்கது? அவ்வோ அம்புட்டு ஆசையா போட்டா எடுத்துட்டு இருக்கையில."

"இப்ப அடிங்க" என்றேன்.

"இப்பவா? கம்பெனிக்குள்ளயா?"

"ஆமா."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையை உள்ளே விட்டுப் பட்டும் படாமலும் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்படியில்ல. நல்லா அழுத்துங்க."