ஒரே ஒரு நிராகரிப்பு

பிப்ரவரி 11

இல்லை, பொய் என்று சொல்லவில்லை. நிராகரிக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு. தர்க்கத்தால் நிறுவ முடியாதது என்று ஒதுக்குவதுதான் நிராகரிப்பு. 'மழை பெய்கிறது' – தர்க்கத்தை மட்டும் கொண்டு இதை நிறுவ முடியாது. 'மழை பெய்யவில்லை' – இதையும் முடியாது. இரண்டுமே நிராகரிப்புப் பக்கம். எது பொய் என்று ஜன்னலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இன்று துறைக் கருத்தரங்கில் கேட்டவரிடமே இதைச் சொல்லியிருக்கலாம். பதில் இப்போதுதான் வருகிறது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின்மேல்.

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இவ்வளவுதான்: ஒரே ஒரு வாக்கியத்தை நிராகரித்துத் தொடங்கினால் போதும். நிறுவ முடியாத மற்ற எல்லாவற்றையும் விதிப்படி நிராகரித்துவிடலாம். மூன்று வருட உழைப்பு, அந்தப் 'போதும்'.

பிப்ரவரி 19

வீட்டு கேட்டில் மாட்டப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டாள் அம்மா. 'முனைவர்' சேர்த்து.

"இன்னும் தீசிஸ் குடுக்கவே இல்லம்மா."

"எழுதி வரட்டும்டி. மாட்டுறப்ப மாட்டிக்கலாம்."

மார்ச் 4

பக்கத்து மேசை வஹீதாவிடம் நான்காம் அத்தியாய நிறுவலைச் சரிபார்க்கக் கொடுத்தேன்.

"நோன்பும் வெச்சுக்கிட்டு உன் ப்ரூஃபையும் படிக்கணுமா? டபுள் நன்மை எனக்கு."

பாதியில் நிறுத்தினாள். "ஏழாவது வரி எப்படி வந்துச்சு?"

"பொதுவா நிராகரிச்சாச்சு. அதுல ஒரு வகைதான் இது. அதனால இதுவும்."

"தர்ஷி, எல்லா பஸ்ஸும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும்னு சொல்ல முடியாது. அதனால இந்த பஸ் போகாதுன்னு ஆயிடுமா?"

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

மார்ச் 5

நிறுவும்போது பொதுவிலிருந்து தனிக்கு இறங்கலாம். நிராகரிக்கும்போது தனியிலிருந்து பொதுவுக்கு ஏறத்தான் முடியும். முதல் வாரப் பாடம். நிறுவிப் பழகிய கை தானாக இறங்கியிருக்கிறது.

வேறு வழி இருக்கும்.

மார்ச் 12

இல்லை.

மார்ச் 16

நெறியாளர் பெனடிக்ட் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மே மாசம் நான் ரிட்டயர்டு. தாண்டினா புது கைடு, புது கமிட்டி. தெரியுமில்லம்மா?"

"தெரியும் சார்."

"அந்த அத்தியாயத்தையும் அதை நம்பி நிக்கிற அஞ்சாவதையும் எடுத்துட்டுக் குடுத்துடு. மீதி போதும்."

பட்டத்துக்குப் போதும். எனக்கு? ஏன்டி தர்ஷி, இப்படி இருக்க?

மார்ச் 23

பலகை வந்துவிட்டது. ஹாலில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. முனைவர் ர. தேவதர்ஷினி. எழுதிவிட்டதால் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அப்படியானால் – ஏழாவது வரியை நிராகரிக்கப் போராடாமல், நிறுவாமலே ஏற்கும் அடிகோளாகவே எழுதி வைத்துப் பார்த்தால்?

பார்த்தேன். எதுவும் உடையவில்லை. தொடக்கத்தில் நிராகரித்த வாக்கியம் அப்போதும் நிறுவ முடியாததாகவே நிற்கிறது. இந்த வரியை நிராகரிக்க, இதிலிருந்து அந்த வாக்கியம் வந்தாக வேண்டும்; வரவில்லை. அந்த ஒன்று, இந்த வரியைத் தொடவே இல்லை. ஆக, அதை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிராகரிக்கவே முடியாது. என்னால் மட்டுமல்ல, யாராலும்.

நான் தவறியது அங்கே வழியே இல்லாததால்.

ஏப்ரல் 2

சார் இரண்டு முறை படித்தார்.

"போதும்னு முப்பது பக்கம் எழுதின. போதாதுன்னு நாலு வரியில முடிச்சுட்ட." பிறகு, "மேக்குள்ள மொத்தத்தையும் திருத்திடுவியா?"

"முடியாது சார். அஞ்சாவது அத்தியாயம் முழுக்க இது மேலதான் நிக்குது."

"ரெண்டு அத்தியாயத்தையும் எடுத்துடவும் மாட்ட."

"மாட்டேன் சார்."

நெறியாளர் மாற்ற விண்ணப்பத்தை அவரே எடுத்துத் தந்தார். "புதுசா வர்றவர்கிட்ட முதல்ல இந்த நாலு வரியைக் காட்டு."

கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து பலகையைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, முதல் வரியில் 'போதாது' என்று எழுதினேன்.