சித்தப்பாவுக்கு லத்தீனில் ஒரு சொல்

நம் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். மகள் வீட்டு வேலையில் இடுப்புதான் ஒடிந்துபோகிறது.

பேத்தி பள்ளியில் லத்தீன் படிக்கிறாள். பழைய ரோமாபுரியிலும் நம்மைப்போல் மாமாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு வேறு சொல்லாம்.

“பாட்டி, பத்ருவுஸ்னா சித்தப்பா. எப்பப் பாத்தாலும் திட்டுறவங்களையும் அப்படித்தான் சொல்வாங்களாம்” என்றாள்.

“உங்கம்மாவோட சித்தப்பாவ அவங்க பாத்திருக்காங்க போல” என்றேன்.

நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த என் அண்ணனை உங்கள் தம்பி எழுப்பிவிட்டதை நான் மறக்கவில்லை.

மகள் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறாள். பகலெல்லாம் பேச ஆளில்லை. ‘வா’ என்று எழுதுங்கள், புறப்பட்டுவிடுகிறேன். என் தலையணையை வெயிலில் போட்டு வையுங்கள். குக்கர் கத்துகிறது, நிறுத்துகிறேன். உங்கள் தம்பியைக் கேட்டுக்கொண்டு எழுத வேண்டாம்.