புளியரை ஏற்றத்தில் சிவக்கும் முள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று உறுதியானது: கேரள எல்லைப் புளியரை மலையேற்றத்தில் லாரியின் டெம்பரேச்சர் முள் மறுபடியும் சிவப்புக்கு ஏறியது. சொன்னவன் தம்பி மாரிராஜ், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கிருந்தே போனில். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, ஆவியும் இல்லை. இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்ததில் புனலூர் சந்தைக்குத் தக்காளி தாமதம்.

மேலகரம் மெக்கானிக் பரீது பாய் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டார், சென்சாரை மாற்றிவிட்டார். இனி இன்ஜினைப் பிரிப்பதுதான் வழி என்கிறார். திங்கட்கிழமை நாள் குறித்தாயிற்று. பிரித்தால் ஓணம் முடிந்துதான் வண்டி வெளியே வரும். பாவூர்சத்திரம் கமிஷன் கடை ஸ்டான்லி ஓண லோடு தருவதாகச் சொன்ன தைரியத்தில்தான் மாரிராஜ் இந்த லாரியையே வாங்கினான். இன்று அவர், "வழியில நிக்கித வண்டிக்கு நான் காய் ஏத்த மாட்டேன்" என்றுவிட்டாராம்.

ஆகஸ்ட் 20

மாரிராஜ் லாரியைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்ட் 21

நிருபர் வேலையில் விபத்துச் செய்திக்குச் சாட்சியை விசாரிப்பதுபோல உட்கார வைத்துக் கேட்டேன். முள் ஏறியது எங்கே, எப்போது?

"எல்லாத் தடவையும் ஏத்தத்துலதான் யக்கா."

"எல்லாத் தடவையுமா?"

தலையைச் சொறிந்தான். "ஒரு தடவை குத்தாலம் ரோட்டுல. காலி வண்டி."

"அங்கன ஏதுலே ஏத்தம்? அந்தப் பக்கம் எதுக்குப் போன?"

"அருவியில குளிக்க."

"இத பாய்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அவரு மாரித்தாய்கிட்ட சொல்லிருவாரே!"

மாரித்தாய் அவன் மனைவி. லோடு இறக்கியதும் நேரே வீட்டுக்கு வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒரு குளியலை மறைக்க இன்ஜினைப் பிரிக்கக் கொடுப்பானா ஒருத்தன்? கோபம் வந்தது, சிரிப்பும்.

லோடு இல்லை, ஏற்றம் இல்லை. பின் ஏன் சூடு?

ஆகஸ்ட் 22, வெள்ளி

நானும் ஏறினேன். காலி வண்டி, குற்றாலம் சாலை. மேலகரம் தாண்டும்வரை முள் நடுவில். பிறகு சாரல் பிடித்து இருட்டிக்கொண்டு வந்தது. மாரிராஜ் வைப்பரைப் போட்டான், ஹெட்லைட்டையும். முள் துள்ளிப் போய்ச் சிவப்பில் நின்றது.

"பாத்தியா, பாத்தியா!"

"ரெண்டையும் அணைலே."

அணைத்தான். அந்த நொடியே முள் நடுவுக்கு வந்தது. போடச் சொன்னேன் — சிவப்பு.

"ஏலே, கொதிக்கித தண்ணி கண்ண மூடித் திறக்கதுக்குள்ள ஆறுமா?"

தானே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தான். சீசனில் புளியரையிலும் சாரல்தான். ஏறும்போதெல்லாம் லைட்டும் வைப்பரும் ஓடியிருக்கின்றன. பழியை மட்டும் மலை மேல் போட்டிருக்கிறோம்!

ஆனால் இது ஒரு சாட்சிதான். இன்னொன்று வேண்டும்.

ஆகஸ்ட் 23

பாய் முதலில் நம்பவில்லை. தொடாமல் சூடு பார்க்கும் கருவியை இன்ஜின் மேல் பிடித்தார். முள் சிவப்பில், கருவியோ எண்பத்திரண்டு டிகிரி என்றது. "இருக்க வேண்டிய சூடுதான். முள்ளுல்லா பொய் சொல்லுது!"

இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினார். போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். லைட்டும் வைப்பரும் இழுக்கும் கரண்ட் சரியாகத் திரும்ப வழியில்லாமல் முள்ளின் அளவைக் குழப்பியிருக்கிறது. லைட் போட்டால் முள் துள்ளியது அதனால்தான்.

"எஃப்.சி. சர்டிபிகேட்டுக்கு வண்டியக் காட்டையில பெயிண்ட் அடிச்சது யாருய்யா?"

"நாந்தான் பாய். ரெண்டு கோட்டு."

"நீ மூணாவது அடிச்சிருந்தா நான் இன்ஜினையே மாத்தியிருப்பேன்!"

பெயிண்டைச் சுரண்டி, வயரை முறுக்கினார். ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டோம். முள் அசையவில்லை. மாரிராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தெருவே எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமை வேலை ரத்து.

ஆகஸ்ட் 25

புளியரையில் நல்ல மழை. லோடோடு நிற்காமல் ஏறிவிட்டான்! அதைக் கேட்டு ஸ்டான்லி ஓண லோடுக்குச் சம்மதித்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

ஓண லோடு எதுவும் தாமதமில்லை. சொன்னவர் ஸ்டான்லி, பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து போனில். நாளை உத்திராடம், கடைசி லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பேச்சின் நடுவே யாரையோ அதட்டினார்: "அந்த வண்டி கெடக்கட்டும்லே, மொதல்ல மாரிராஜுக்கு ஏத்துங்க!"

சபரிமலை சீசன் லோடும் தம்பிக்குத்தானா என்று கேட்டேன். சனிக்கிழமை சொல்கிறாராம்.