மூலைவாக்கில் ஓடிய ரொட்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையில், கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்கிற எங்கள் குரூப்பில், பேக்கரிக்காரர் ஒரு கேள்வி போட்டிருந்தார். அவருடைய விளையாட்டில் ஒரு ரொட்டி அடுப்பிலிருந்து தப்பித்து ஓட வேண்டும். நேராக ஓடினால் சரியான வேகம். மூலைவாக்கில் ஓடினால் பிசாசு மாதிரிப் பறக்கிறதாம். “பேய் புடிச்ச ரொட்டிங்க அம்மா” என்று எழுதியிருந்தார்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை அளந்து பார், நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர் வரும். முப்பத்தொரு வருஷம் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேஜையில் நின்றவளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டுமா? மேல் பட்டனையும் பக்கவாட்டுப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் ரொட்டிக்கு அந்த நூற்று நாற்பத்தொன்று கிடைத்துவிடுகிறது. நகர்த்துவதற்கு முன்னால் அதை நூறாக வெட்டிவிடு. கட்டளையையும் எழுதிக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

என் பதிலுக்குக் கீழே வாத்தியார் வந்தார். குரூப்பை நடத்துகிறவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், என் மகன் வயசு. “பதில் சரி. ஆனா இது தையல் கடை இல்லையே ஊசியம்மா. முறையா படிச்சவங்க விளக்கினா நல்லா இருக்கும்.”

ஊசியம்மா என்பது குரூப்பில் என் பெயர். இப்படிக் குத்துவது இது நாலாவது தடவை. முதல் தடவை மார்ச் நாலு: “இது சமையல் குறிப்பு இல்ல.” தேதி, கிழமை, அன்று நான் உடுத்தியிருந்த சேலை, எல்லாம் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் அறிவித்திருக்கிறார். பதினைந்தாம் தேதியிலிருந்து, அவர் பச்சைக் குறி கொடுத்தவர்கள்தான் பதில் சொல்லலாமாம். குறி வேண்டுமென்றால் என்ன படித்தோம் என்று எழுதி அனுப்ப வேண்டுமாம்.

ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் பொட்டப்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று பெரியப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்தே என்னைத் திருப்பிக் கூட்டிவந்தார். அவர் கையில் இருந்த குடையும் பச்சைதான்.

ஜூன் 5, வியாழன்

குறி கேட்டு எழுதவில்லை. எழுத மாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

குரூப்பில் இருக்கிற நர்ஸ் கேட்டாள்: அவள் செய்கிற ஆம்புலன்ஸ் விளையாட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடுகிறது, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தலைதெறிக்க ஓடுகிறது. நாளைக்குக் குழந்தைகள் வார்டில் காட்டப் போகிறாளாம்.

வாத்தியார் ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று கீழே மூன்று புள்ளி ஆடியது. ஆடட்டும். போன வருஷம் ஆகஸ்ட் பத்தொன்பதில் இதே கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் விளையாட்டு செய்வதற்கான கட்டளைகள் நூற்று எழுபதையும் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன், தொழிற்சாலையில் ஆள் அடையாளம் சொன்ன மாதிரி. வேகமான கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் அதிகத் தடவை வண்டியைத் தள்ளும்; ஒரு தள்ளுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தால் பெருக்கிவிட்டால் எல்லாவற்றிலும் ஒரே வேகம். வண்டியை நகர்த்தும் வரியில் நேரத்தால் பெருக்கு என்று எழுதி அனுப்பினேன். மூன்று புள்ளி நின்றுபோனது.

“என்ன அத்தே, தனியா சிரிக்கிறீங்க?” என்றாள் மருமகள்.

“ஒருத்தன் வாயை அடைச்சேன்.”

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

வண்டி நத்தை மாதிரி ஊர்ந்ததாம். பதினாலு குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, சிக்னலைத் தாண்டவே அஞ்சு நிமிஷமாம். ஒரு பொடிசு கேட்டதாம்: “ஆம்புலன்ஸுக்கே உடம்பு சரியில்லையா சிஸ்டர்?” நர்ஸ் சிரித்துத்தான் எழுதியிருந்தாள். மூன்று மாசம் உட்கார்ந்து செய்தவள் அப்படிச் சிரித்து எழுதினால் அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா?

வாத்தியார் ஒரே வரி: “இதுக்குத்தான் சொன்னேன்.”

நான் ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை? ஒவ்வொருவரையும் “ஓட்டிப் பாத்தியா?” என்று கேட்கிறவள் நான். துணியை விரித்துப் பார்க்காமல் கத்தரி வைப்பேனா? அந்த மூன்று புள்ளியை முந்த வேண்டும் — அவ்வளவுதான். அவன் மேல இருந்த ஆத்திரத்துல அந்தப் பொண்ணு வண்டிய வெட்டிப்புட்டேன்.

மருமகள் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்: “தப்புன்னு ஒத்துக்கிட்டா தலையில இருக்கிற கிரீடமா விழுந்துடும்?”

“விழாதுடி. ஆனா அந்த ஆளு எடுத்து மாட்டிக்குவான்.”

“மாட்டிக்கட்டுமே. அளவு சரியா இருக்குமா, பாருங்க.”

வாயாடி. யாரிடம் கற்றாளோ.

ஜூன் 9, திங்கள்

மகன் வேலைக்குப் போகும் முன், விளையாட்டு செய்கிற சாஃப்ட்வேரில் நர்ஸ் வைத்திருக்கிற புது வெர்ஷனை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். காலையிலிருந்து மதியம் வரை பதினொரு தடவை ஓட்டினேன். பிடித்துவிட்டேன். புது வெர்ஷனில் நகர்த்தும் கட்டளை தானே நேரத்தால் பெருக்கிக்கொள்கிறது. நான் சொன்னதைக் கேட்டு நர்ஸ் இன்னொரு தடவை பெருக்கியிருக்கிறாள். வண்டி படுத்துவிட்டது. பெருக்க வேண்டியது அதற்கு மேலே, வேகத்தைக் கூட்டுகிற வரியில். என் நினைவில் பிசகில்லை. நினைவில் இருந்தது பழைய வெர்ஷன்.

நினைவு சரியாக இருந்தும் பதில் தப்பு. இது எனக்குப் புதுசு.

குரூப்பில் எழுதினேன். மருமகளை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிவிட்டு, வேறு எதையும் தொடக் கூடாது என்றேன். இங்கே அப்படியே எடுத்து வைக்கிறேன்:

“வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு. நர்சம்மா, உன் வண்டி நின்றது என்னால்தான், மன்னித்துக்கொள். சரியான வரியைக் கீழே போட்டிருக்கிறேன். வேகமான கம்ப்யூட்டர் ஒன்று, மெதுவானது ஒன்று, இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இந்தத் தப்பு படிக்காததால் வந்ததில்லை, ஓட்டிப் பார்க்காததால் வந்தது. பச்சைக் குறி வாங்கியவரும் ஓட்டாமல் சொன்னால் வண்டி இப்படித்தான் படுக்கும். அதனால் குறியை ஆளுக்குப் போடாதீர்கள், பதிலுக்குப் போடுங்கள்: ஓட்டிப் பார்த்தது, பார்க்காதது. அதற்குச் சம்மதமில்லை என்றால் பதினைந்தாம் தேதி என்னை வெளியே அனுப்புங்கள். நானாகப் போக மாட்டேன்.”

வாத்தியார் சொன்ன தப்புப் பதில்கள் மூன்று, தேதியோடு என் தலையில் இருக்கின்றன. போடவில்லை. கத்தரி கையில் இருக்கிறது, அது போதும்.

ஜூன் 10, செவ்வாய்

நர்ஸ்: “இப்ப பறக்குதும்மா. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே வேகம். அந்தப் பொடிசு ஓட்டுச்சு, ரெண்டு தடவை சுவத்துல மோதுச்சு. அது வண்டி தப்பில்ல, டிரைவர் தப்பு.”



ஜூன் 14, சனி

நாளைக்குப் பதினைந்து. மத்தியானம் பேக்கரிக்காரர் எழுதினார்: “நான் ஏழாவது பெயில். என் ரொட்டி ஊசியம்மா சொல்லித்தான் ஒழுங்கா ஓடுது. அம்மாவ அனுப்புனா ரொட்டியோட நானும் வர்றேன்.” அதன் கீழே ஒவ்வொருவராக வந்தார்கள். மருமகள் எண்ணினாள், முப்பத்தெட்டுப் பேர். எனக்கு எதிராக ஆறு பேர். அந்த ஆறு பெயரும் எனக்கு மனப்பாடம்.

ஜூன் 15, ஞாயிறு

பச்சைக் குறி யாருக்கும் இல்லை.  ஆனால் பதில் எழுதுகிற இடத்தில் புதுசாக ஒரு சின்னக் கட்டம் வந்திருக்கிறது: ‘ஓட்டிப் பார்த்தீர்களா?’ டிக் போட வேண்டும்.

நன்றி என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூன் 21, சனி

இன்று வாத்தியார் ஒரு கேள்விக்கு நீளமாகப் பதில் போட்டிருந்தார். படம், அம்புக்குறி எல்லாம் போட்டு. கட்டம் காலியாக இருந்தது.

கீழே கேட்டேன்: “ஓட்டிப் பாத்தீங்களா?”

 நாற்பது நிமிஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்று புள்ளி ஆடும், நிற்கும், மறுபடி ஆடும்.

பிறகு வந்தது: “நீங்க கேட்ட பிறகுதான் ஓட்டினேன்மா. ஏழாவது வரி தப்பு. திருத்திட்டேன்.” கட்டத்தில் டிக் இருந்தது.

திருத்திய வரியை நானும் ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. “சரி” என்று எழுதினேன்.

அந்தச் ‘சமையல் குறிப்பு’ மார்ச் நாலு, என் நினைவில் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஜூன் இருபத்தொன்றையும் வைத்துக்கொள்கிறேன்.