பேணியில் சேர்த்த குளிசைகள்

கிளிநொச்சி
12.10.2025

அன்பு மகன் அனோஜனுக்கு,

நீயும் மருமகள் சிவரூபியும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் துணை நிற்கட்டும். நான் இங்கே சுகம். வழமையாக எழுதுகிற சுகம் இல்லை இது, போன கிழமை கிளினிக் கொப்பியில் டொக்டர் தன் கையால் எழுதிய சுகம். போனில் கதைத்தால் பாதியில் குறுக்கே விழுந்து, "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ" என்று என் வாயை அடைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்துக்கு நீ வாய் காட்ட முடியாது. முழுவதையும் வாசி, அதற்குப் பிறகு கோபப்படு.

ஆடி மாதம் நான் கிளினிக்கில் விழுந்த நாளிலிருந்து நீ ஒரே பிடியாக நிற்கிறாய். இந்தக் காலபோக நெல் விதைப்புக்கு வயலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, மாடுகளை விற்றுவிட்டு, தை பிறக்கமுதல் நோர்வேக்கு வந்து உங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்கிறாய். விசாப் படிவத்தையும் நிரப்பி ஓமந்தையில் இருக்கும் உன் தங்கச்சி சுதாஜினிக்கு அனுப்பியிருக்கிறாய். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இதில ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ" என்று குசினி வரைக்கும் பின்னாலேயே திரிந்தாள். நான் வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. நெல் விதைத்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. மழை இரண்டு முறை தூறியும் விட்டது. முளைத்து வருகிற பயிரை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?

நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். கோட் போட்ட ஒருவர், எங்களைப் போன்ற வறிய நாடுகளில்தான் இப்போது பிறசர் என்கிற இரத்த அழுத்தம் கூடிக்கொண்டு போகிறது, பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்று சொல்லி, உப்பு, எண்ணெய், புகையிலை, சாராயம், உடம்பை அசைக்காமல் இருப்பது, மனக்கவலை என்று விரல் மடக்கி எண்ணினார். உப்பு சரி, அதில் நான் குற்றவாளிதான். முல்லைத்தீவுக் கருவாடு இல்லாமல், மோர்மிளகாய் பொரிக்காமல் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். இப்போது கருவாடு மாதத்தில் ஒரு நாள்தான், மோர்மிளகாய்ப் போத்தலை சுதாஜினி பறித்துக்கொண்டு போய்விட்டாள், அவளும் அதைத் தின்னக்கூடாது, அதையும் அவளுக்குச் சொல்லு. ஆனால் உடம்பை அசைக்கவில்லை என்று என்னைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? விடிந்தால் வாய்க்கால் கரையால் வயலுக்கு நடை, வந்து மாட்டுக்குப் புல், பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர். அங்கே வந்தால் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக, நான் நாலு சுவருக்குள் கதிரையில் இருந்து பனி கொட்டுவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறசர் இறங்குமோ? மனக்கவலையைத்தான் அந்தக் கோட்காரர் ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். அதைப் பற்றித்தான் நான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் விழுந்தது பிறசர் ஏறி இல்லை, இறங்கி. கிளினிக் நாளில் இரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றோடு, குளிசையும் போடாமல்தான் நாங்கள் போவது. அன்று அளந்தால் நூற்றுத்தொண்ணூறுக்கு மேலே நின்றது. எனக்குப் பிறசர் என்று கண்டுபிடித்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மாறி மாறி வந்த டொக்டர்மார் ஆளுக்கு ஒன்றாகக் கூட்டி என் குளிசை மூன்று வகையாகியிருந்தது. புதிதாக வந்திருக்கும் டொக்டர் தனுஷா, அந்த மூன்றையும் அங்கேயே நேர்ஸ் மிஸ்ஸுக்கு முன்னால் விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து மருந்து எடுக்கிற வரிசையில் என் நம்பரைக் கூப்பிட எழும்பினேன், அதோடு நிலத்தில் கிடந்தேன். சனம் "பிறசர் ஏறி விழுந்திட்டா" என்று சுதாஜினிக்கு அறிவிக்க, அவள் அழுதழுது உனக்கு அறிவித்தாள். டொக்டர் ஓடிவந்து அளந்தபோது தொண்ணூறுதான் இருந்ததாம். வார்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "இந்த மூண்டையும் வருசக்கணக்காப் போடுற ஆள் இண்டைக்கு மட்டும் ஏன் விழுந்தனீங்கள்? வீட்டில எவ்வளவு போடுறீங்கள் அம்மா?" என்று அவர் கேட்டார். எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு பொய் சொன்னேன்.

உண்மை இதுதான் மகன். இத்தனை வருடத்தில் வீட்டில் நான் ஒரு குளிசையை முழுதாகப் போட்டதே இல்லை. காலையில் ஒன்றை உடைத்துப் பாதி போடுவேன். மற்றப் பாதியும் மிச்சக் குளிசைகளும் அலுமாரிக்குள், காணிப் பத்திரமும் அடையாள அட்டையும் வைத்த பைக்குப் பக்கத்தில், ஒரு பால்மாத் தகரப்பேணிக்குள் போய்ச் சேரும். அளவு இறங்கவில்லையே என்று டொக்டர்மார் கூட்டிக் கூட்டித் தர, பேணியும் நிறைந்துகொண்டு வந்தது. ஒரு பேணி நிறைந்து இரண்டாவதும் தொடங்கினேன். நிறைய நிறைய எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. விசர்க்கதை என்று நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறு.

நீ இரண்டாயிரத்து ஆறில், சண்டையில் பாதை பூட்டமுதல் வெளிக்கிட்டுவிட்டாய். கடைசி இடப்பெயர்வில் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டபோது, பாரிசவாதம் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன். ஏன் வந்தது என்று சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அவருடைய பிறசர்க் குளிசை இரண்டு மாதத்துக்குத்தான் கையில் இருந்தது. இடம் இடமாகப் போனோம், ஓரிடத்திலும் அந்தக் குளிசை இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து நான் பிளேட்டால் பாதியாக வெட்டினேன், பிறகு காலாக வெட்டினேன். "நாளைக்கு வந்திடும், பொறுங்கோ" என்று அவருக்குச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு, "நான் என்ன சின்னப்பிள்ளையே" என்றார். குளிசை எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் காலை, உன்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கம் வாய் கோணியது. இரண்டு நாள் கிடந்தார். ஊரெல்லாம் ஷெல் விழுந்து செத்துக்கொண்டிருக்க, என் மனிசன் ஒரு குளிசை இல்லாமல் செத்தார். அன்றைக்கு நான் வைத்த வைராக்கியம்தான் அந்தப் பேணி. இனி ஒருமுறை ஓட வேண்டி வந்தால் குளிசை இல்லை என்று யாரும் எனக்கு முன்னால் கையை விரிக்கக்கூடாது. இந்தக் கவலைக்கு அந்தக் கோட்காரர் எந்த விரலை மடக்குவார்?

வார்டில் இருந்து வந்து மூன்று கிழமை என்னோடு நானே சண்டை பிடித்தேன். பிறகு அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேணியையும் உரப்பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டர் தனுஷாவின் மேசையில் வைத்தேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன், அவர் ஏசவில்லை. கையால் அளைந்து பார்த்தார். அடியில் கிடந்தவை மஞ்சளாகி மாவாகியிருந்தன, மேலே இருந்தவையிலும் பாதி காலாவதியாம். அப்பாவின் கதையைச் சொன்னேன். "திரும்பவும் அப்பிடியொரு காலம் வருமெண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டார். வராதென்று உங்களால் எழுதித் தர ஏலுமோ என்று நான் கேட்டேன். அவர் பேணிகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "ஏலாது அம்மா. ஆனா வந்தாலும் ஓடுறதுக்கு நீங்கள் இருக்கோணுமே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேணிகளை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, பழைய குளிசை எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினார். இப்போது இரண்டே இரண்டு குளிசைதான், முழுதாகப் போடுகிறேன். போன கிழமை நூற்றுமுப்பத்திரண்டு. கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், சுதாஜினி அனுப்புவாள்.

பக்கத்து வயல் தங்கராசாவையும் நான் விடவில்லை. உழவு மெசினில் இருந்தபடியே புகையிலை சப்பிக்கொண்டு, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையக்கா" என்று போன மாதம் வரைக்கும் சொல்லித் திரிந்தான். சனசமூக நிலையத்தில் பிறசர் மெசின் வைத்து அளந்த அன்று சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினேன். நூற்றெண்பது. நாற்பத்தைந்து வயதில் ஒரு தலையிடிகூட இல்லாமல் நூற்றெண்பது. இப்போது கிளினிக் நாளில் எனக்கு முன்னால் போய் வரிசையில் நிற்கிறான்.

அதனால் மகன், என் முடிவைக் கேள். அந்தப் பேணி ஓடுவதற்காக வைத்தது. பேணி போய்விட்டது, ஓட்டமும் அதோடு போய்விட்டது. உன் வீடு எனக்குச் சொர்க்கமாகவே இருக்கட்டும், இந்தக் காணியை விட்டு அங்கே வந்து குந்துவது எனக்கு இன்னொரு இடப்பெயர்வுதான், அதை நான் செய்யமாட்டேன். ஷெல்லுக்குப் பயந்து ஓடினேன், குளிசைக்குப் பயந்து ஓடுவேனோ? உங்களைப் பார்க்க வா என்றால், அறுவடை முடிய, கிளினிக் கொப்பியும் இரண்டு மாதக் குளிசையுமாக வருகிறேன். திரும்பி வருகிற ரிக்கற்றையும் சேர்த்தே போடு. நீ நிரப்பிய அந்தப் படிவம் மாட்டுக்கொட்டிலில் கிடக்கட்டும்.

நீயும் சிவரூபியும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மன் எப்போதும் உங்கள் பக்கம் இருப்பாள். ஒன்றை மட்டும் மறவாதே. அப்பாவுக்குப் பிறசர் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது, வருகிற கார்த்திகையில் உனக்கும் அதே வயது. எனக்கு இவ்வளவு சட்டம் போடுகிற நீ இதுவரை ஒருநாளும் அளக்கவில்லை என்று சிவரூபி எனக்குச் சொல்லிவிட்டாள், அவளை ஏசாதே. கடிதம் கிடைத்த அடுத்த நாளே போய் அளந்து, இலக்கத்தை எனக்கு அனுப்பு. குளிசை தந்தால் முழுதாகப் போடு, உடைக்காதே. ஒருமுறை உடைத்துக் கொடுத்த கை இது, அது போதும்.

தினமும் முழுக் குளிசை போடும்
உன் அம்மா
ந. கமலாட்சி